கத்தரிக்காய் கறுப்பதற்குள்

போன வாரம் ஐந்து பேர் மேடையில் வரிசையாக நின்று குடும்பச் சண்டை போட்டார்கள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்து பேரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்கள். மகள் அழுதாள்... அம்மா சுவருக்கு ஆறுதல் சொன்னாள். அப்பா கோபப்பட்டார். அதுவும் சுவரிடம்தான். பேச்சு இல்லாத நேரத்தில் எல்லாருடைய வலது கையும் தானாக வலது காதுக்குப் போனது.

எங்கள் ஆங்கிலத் துறையின் ஆண்டு இலக்கிய விழா நாடகத்துக்கான ஒத்திகை அது. விழா மறுநாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்:

"ரேடியோ நாடகம் பிரமாதமா வந்திருக்கு. இவங்க எதுக்கும்மா மேடையில நிக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

இந்தப் பக்கத்தை வாரந்தோறும் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத் துறையின் லாங்குவேஜ் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். இலக்கியத்துக்கும் எனக்கும் உள்ள உறவு ஒரு ஹெட்போன் ஒயர் நீளம். ஒரு முனை அவர்கள் காதில், மறுமுனை என் கையில்.

இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு வருடத்துக்கு ஒரு விழா. இங்கே விழா இல்லாத மாதமே கிடையாது. எந்த நாட்டிலோ எப்போதோ பிறந்த கவிஞருக்கு இங்கே கேக் வெட்டுவார்கள். மெழுகுவத்தியை ஊதுவதா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடக்கும். இறந்துபோனவருக்காக நாம் ஊதலாமா? விவாதம் முடிவதற்குள் மெழுகுவத்தி தானே அணைந்துவிடும். எனக்குப் பிடித்துப்போனது இதுதான்: ஆள் உயிரோடு இல்லை என்பதை இந்தத் துறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் பெரிய விழா ஒன்றுதான். ஆண்டு விழா. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குக் காய்கறி வெளியில் வாங்கக் கூடாது. யார் வீட்டில் என்ன விளைகிறதோ அது வரும்.

எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் விவசாயக் குடும்பம். ஆயக்குடியிலிருந்து கொய்யா. தொப்பம்பட்டிப் பக்கமிருந்து தேங்காயும் கத்தரிக்காயும். குஜிலியம்பாறையிலிருந்து முருங்கைக்காய். சின்னாளபட்டி பிரபு வீட்டில் தோட்டம் இல்லை, தறிதான் உண்டு. அவன் வீட்டிலிருந்து சுங்குடிச் சேலைகள் வந்து மேடைக்குப் பின்திரையாகத் தொங்கும். வேறு எந்தப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவு நல்ல பின்திரை இருக்கிறது?

காய் கொண்டுவரும் பெற்றோர்கள் விழாவுக்கும் இருந்துவிடுவார்கள். அதனால் எங்கள் ஆங்கில விழாவின் கூட்டத்தில் பாதிக்கு ஆங்கிலம் தெரியாது. மற்றவர்கள் கைதட்டினால் அவர்களும் தட்டுவார்கள், கொஞ்சம் தாமதமாக. சவுண்ட் பார்க்கிற எனக்கு அது நன்றாகக் கேட்கும். முதல் கைதட்டல் புரிந்தவர்களுடையது, அடுத்தது பெற்றவர்களுடையது.

சரி, சுவரைப் பார்த்த நாடகத்துக்கு வருகிறேன்.

கதையை எழுதியது மாணவர்களே. மூத்த மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. கிளம்பப் போகிறாள். அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை. ஆனால் போகாதே என்றும் சொல்ல மாட்டாள், போய் வா என்றும் சொல்ல மாட்டாள். வேறு எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். ஊறுகாய் எடுத்து வைத்தாயா, குடை எங்கே, அந்த ஊரில் தண்ணீர் எப்படி... கடைசியில் மகள் பையோடு வாசலில் நிற்பாள். அம்மா அப்போதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாள். விளக்கு அணையும். அவ்வளவுதான்.

அம்மா வேடம் செல்வராணிக்கு. குஜிலியம்பாறைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். எம்.ஏ. கடைசி வருடம். அம்மா பேசும் வரிகளை எழுதியதும் அவள்தான். மகளாக ஆயக்குடி நந்தினி. அப்பாவாகப் பிரபு. தங்கை, தம்பி வேடத்துக்கு முதல் வருடத்திலிருந்து இரண்டு பேர்.

ஒத்திகைக்கு இடம் கிடைக்கவில்லை. விழாக் கூடத்தில் ஏதோ தேர்வு நடந்துகொண்டிருந்தது. லேப் மாலையில் சும்மாதானே கிடக்கிறது, ஏ.சி. வேறு இருக்கிறது என்று துறைக் கூட்டத்தில் முடிவானது. எனக்கும் உற்சாகம். ஐந்து பேரையும் ஐந்து கேபினில் உட்கார வைத்தேன். மூன்று பக்கமும் தடுப்பு. ஒருவர் மைக்கில் பேசினால் மற்ற நால்வருக்கும் ஹெட்போனில் கேட்கும்; அதை வலது கையால் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பார்கள். தினமும் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். உச்சரிப்பு மெருகேறியது. மூச்சு விடும் இடம், நிறுத்தும் இடம் எல்லாம் சுத்தம். மேடம் உள்பட நாங்கள் கண்ணை மூடிக் கேட்டோம். அழுகையே வந்தது.

கண்ணை மூடித்தான் கேட்டோம் என்பதுதான் சிக்கல். அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு செல்வராணி மட்டும் நின்று எனக்கு ஒயர்களைச் சுற்றிக் கொடுத்தாள். விழாவுக்கு வீட்டிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"அம்மா வரும் அக்கா. முருங்கைக்கா கொண்டுட்டு வரும். ஆனா உள்ள வராது."

எனக்குப் புரியவில்லை. சொன்னாள். இளங்கலை படித்த கல்லூரியிலும் அம்மா விழாவுக்கு வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தவர் எழுந்து வெளியே போய், சைக்கிள் ஸ்டாண்ட் நிழலில் உட்கார்ந்துகொண்டார். முடிந்ததும் மகள் பரிசோடு ஓடி வந்தபோது, வாட்ச்மேன் குடும்பக் கதை முழுக்க அம்மாவுக்கு அத்துப்படி. மகள் எதற்குப் பரிசு வாங்கினாள் என்பது மட்டும் தெரியாது. அடுத்த வருடமும் அதேதான். ஏன் வெளியே வந்துவிட்டாய் என்றால் ஒரே பதில்: "உள்ள எனக்கு என்னத்தா வேலை?"

கோபத்தில் சொல்வதில்லை. கூச்சமும் இல்லை. அந்த அம்மாவுக்கு அது நிஜமான கேள்வி.

"இதுதான் அக்கா கடைசி ஃபங்ஷன்," என்றாள். "இத்தன வருசமா நான் என்ன படிக்கிறேன்னு அதுக்குத் தெரியாது. இந்த ஒரு நாடகத்த முழுசா உக்காந்து பாத்துட்டா போதும்."

அதற்குப் பிறகு ஒயரைச் சுற்றுவதில் கவனமாகிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது புரிகிறதா, முந்தைய நாள் ஒத்திகையில் மேடம் கேட்டதற்கு நான் ஏன் சிரிக்கவில்லை என்று? ஆங்கிலம் தெரியாத கூட்டம் நாடகத்தில் எதைப் பார்க்கும்? முகத்தைத்தான். அந்த முகங்களோ சுவரைப் பார்த்து நிற்கின்றன. கேபினுக்குள் பழகிய பிள்ளைகள். எதிரே ஆள் இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. குரல் மட்டும் தெளிவு. (பல வீடுகளின் நிலைமையும் இப்போது அதுதான் என்கிறீர்களா? அதைப் பிறகு பேசுவோம்.)

நான் பட்டியல் போடும் ஆள். பிரச்சினை வந்தால் உடனே எண் போட்டு எழுதுவேன். ஒன்று, முகம் பார்ப்பதில்லை. இரண்டு, கை காதுக்குப் போகிறது. மூன்று, மைக் வாயருகே இருப்பதாக நினைத்துக் கிசுகிசுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தீர்வு எழுதினேன். மேடையில் சாக்பீஸால் குறி போட்டேன். எந்த வரியில் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இன்னும் மோசமானது. அணிவகுப்பில் வலதுபுறம் திரும்புவது போல டக் டக்கென்று திரும்பினார்கள்.

"என்னால ஆகலீங்கக்கா," என்று நந்தினி மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிரபுதான் ஒரு யோசனை சொன்னான்.

"எல்லாருக்கும் ஹெட்போன மாட்டி விட்ருங்க அக்கா. வேற்றுக்கிரகக் குடும்பம்னு அனௌன்ஸ் பண்ணிருவோம்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும் அதைக் கொஞ்ச நேரம் பரிசீலித்தது போல் தெரிந்தது.

சாயங்காலம் காய்கறி மூட்டைகள் வர ஆரம்பித்தன. விழா எப்படிப் போனாலும் சாப்பாடு நடந்தாக வேண்டுமே. வழக்கம்போல எல்லோரும் துறை வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் நந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான். துடைத்தபடியே, விளையாட்டாக, நாடகத்தில் மகள் அழும் வரியைச் சொன்னாள்.

செல்வராணி தலையைத் தூக்கவே இல்லை. உரித்த தொலியைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, ஊறுகாய் எடுத்து வைத்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பிரபு முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பாவின் வரியைச் சொன்னான். செல்வராணி இப்போது நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். சாக்பீஸ் குறி எதுவும் இல்லாமல், ஒரு பெண்டாட்டி புருஷனைப் பார்க்கும் பார்வை. அவன் நிஜமாகவே கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். தம்பி சிரித்தான், தங்கை அவனை முழங்கையால் இடித்தாள். கை வேலையாக இருந்தது, காதுக்குப் போக நேரமில்லை. வெங்காயக் கூடைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே, குரலும் தானாக எழுந்தது.

வராந்தா வழியாகப் போன மேடம் அப்படியே நின்றுவிட்டார். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "நாளைக்கு மேடையில இப்படியே உக்காந்திருங்க."

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது. நாளைக்கு உரிக்க வெங்காயம் இருக்காதே? கையில் வேலை இல்லாவிட்டால் மறுபடி கை காதுக்குப் போகுமே? வெறும் பாவனையாக உரிக்கச் சொன்னால் இவர்கள் சுவரைப் பார்த்துத்தான் உரிப்பார்கள்.

சமையல் மாஸ்டரிடம் போனேன். சாம்பாரில் கடைசியாகப் போடும் காய் எது? கத்தரிக்காயும் முருங்கைக்காயும், என்றார். பருப்பு வேகிற நேரத்தில் நறுக்கினால் போதுமா? போதும். எங்கே நறுக்கினால் என்ன? எங்கே வேண்டுமானாலும் நறுக்கலாம். மேடையில்?

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாடகம் இழுத்துச்சுன்னா சாம்பாரும் இழுக்கும். அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஒப்பந்தம் ஆனது. நாடகத்தில் நறுக்கும் காய்தான் அன்றைய சாம்பார். ஒரே நேரத்தில் இரண்டு வேலை. எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் இதற்கு ஒரு கம்பீரமான பெயர் உண்டு: பேரலல் ப்ராசஸிங்.

மறுநாள் காலை செல்வராணியின் அம்மா வந்தார். முருங்கைக்காய்க் கட்டைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒல்லியான, வேகமான மனுஷி. நிற்கும்போதே அடுத்த வேலைக்குக் கிளம்புவது போல நின்றார்.

"நீதான் லேப்பு அக்காவா? இம்புட்டுச் சின்னப் புள்ளையா இருக்க. இவ சொல்றதப் பாத்து நான் வயசான டீச்சருன்னு நெனச்சேன்."

அடுத்த வாக்கியம் நான் எதிர்பார்த்ததுதான். கூடத்துக்குப் பின்னால் அடுப்புப் புகை தெரிந்தது. "நான் அங்கிட்டு சமையல் பக்கம் ஒக்காந்துக்கிறேன்த்தா. உள்ள எனக்கு என்ன வேலை?"

செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டேன். என் சவுண்ட் மிக்சர் கூடத்தின் கடைசியில்தான். அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். செத்த நேரம் எனக்குத் துணைக்கு இருங்கம்மா என்றேன். அது வேலை மாதிரி இருந்ததால் உட்கார்ந்தார்.

வரவேற்புரை நடந்தது. பொன்னாடை நடந்தது. சிறப்பு விருந்தினருக்கு ஆயக்குடிக் கொய்யா ஒரு கூடை கொடுத்தோம். அவர் இலக்கியம் எதற்கு என்பதைப் பற்றி நிதானமாகப் பேசினார். மிக நிதானமாக. அந்த அம்மா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். நான் மிக்சரில் எதையோ திருகிக்கொண்டே இருந்தேன். என்னைத் தனியே விட்டுப் போவது சரியில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டுமே.

திரை விலகியது.

சுங்குடிச் சேலைகளுக்கு முன்னால் ஐந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காய்க் கூடைகள், நறுக்கியதைப் போட ஒரு தாம்பாளம். ஆளுக்கொரு அரிவாள்மனை. கூடைகளுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த இரண்டு மைக். முதல் வசனத்துக்கு முன்பே பிரபு ஒரு முருங்கைக்காயை ஒடித்தான். ஸ்பீக்கரில் அது வெடி மாதிரி கேட்டது. முன் வரிசைக் குழந்தை அழுதது.

அப்புறம் பேச்சு ஆரம்பித்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். சண்டை போட்டார்கள். கத்தரிக்காயின் காம்பைச் செல்வராணி தோளுக்குப் பின்னால் வீசினாள். திரும்பிப் பார்க்காமல், இடதுபக்கமாக, ஒரு சுண்டு சுண்டி. அது சுங்குடிச் சேலையில் பட்டு விழுந்தது. பெற்றோர் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. முதல் தடவையாக அவர்கள் முந்திக்கொண்டு சிரித்தார்கள், தாமதமே இல்லாமல்.

என் பக்கத்தில் அந்த அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பி, யார் பிள்ளை அது என்று கேட்டார். "நம்ம புள்ளதான்," என்றார் கண்ணை எடுக்காமல். எனக்கு நிம்மதி. பட்டியலில் முக்கியமான வரியை டிக் அடித்த நிம்மதி.

அவசரப்பட்டுவிட்டேன்.

பாதி நாடகத்தில் அந்த அம்மாவின் முகம் மாறியது. புருவம் சுருங்கியது. நாற்காலியில் நெளிந்தார். எழுந்தார். விறுவிறுவென்று நடந்து வெளியே போய்விட்டார்.

மேடையிலிருந்து கதவு நேராகத் தெரியும். செல்வராணி பார்த்துவிட்டாள்.

அவள் கை நின்றது. அவள் வரிதான் வர வேண்டும். வரவில்லை. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. மிக்சரில் என்னால் கூட்ட முடியாத ஒரே விஷயம் அது. நந்தினி தன் முந்தைய வரியையே மறுபடி சொன்னாள். செல்வராணி கடைசியில் பேசினாள், ஆனால் குரல் கேபினுக்குள் இருந்த குரல். கண் சுவருக்குப் போய்விட்டது.

ஓடிப்போய்க் கூட்டி வரலாமா? மிக்சரை விட்டு நகர முடியாது. கூட்டி வந்தாலும் என்ன சொல்லி உட்கார வைப்பது? துணைக்கு இருங்கள் என்பதை ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அப்போது மேடையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பேசின். நிறையத் தண்ணீர். கொஞ்சம்கூடச் சிந்தாமல் அந்த அம்மா படியேறி மேடைக்கு வந்தார். நேராக நடுவே போனார். பிரபுவின் முழங்காலைக் காலால் லேசாகத் தட்டினார். அவன் நகர்ந்துகொண்டான். பேசினை வைத்தார். தாம்பாளத்தில் நறுக்கிக் கிடந்த கத்தரிக்காயை இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் போட்டார். அது ஏற்கெனவே கறுக்க ஆரம்பித்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட வேண்டும் என்று தெரியாதவர் அந்தக் கூடத்தில் ஒருவர் உண்டா? மேடையில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். மேடத்துக்கும் சிறப்பு விருந்தினருக்கும் தெரியும். பேசின் என் பொருட்கள் பட்டியலில் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் கறுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நாடகம் என்றால் கறுக்கலாம் போல என்று நினைத்துக்கொண்டோம். பார்வையாளர்கள் என்றால் அப்படித்தானே? பார்ப்போம், கைதட்டுவோம், வீட்டுக்குப் போவோம்...

அந்த அம்மா வந்த வேலை முடிந்து எழப்போனார். அப்போதுதான் எதிரே ஒரு கூட்டமே உட்கார்ந்திருப்பதை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு திகைப்பு.

செல்வராணி வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். என் அம்மா வந்திருக்கிறார், நகர்ந்து உட்காருங்கள் என்று தன் நாடகப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். குரல் திரும்பி வந்திருந்தது, வராந்தாக் குரல். பிறகு தமிழில் ஒரே வார்த்தை.

"ஒக்காரும்மா."

உட்கார்ந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாடகம் தொடர்ந்தது, இப்போது ஆறு பேரோடு. ஐந்து பேர் ஆங்கிலம் பேசினார்கள். ஆறாமவர் ஒவ்வொரு வசனத்துக்கும் "ம்" என்றார். நந்தினி கெஞ்சினால் இழுத்து ஒரு "ம்ம்". பிரபு அதட்டினால் வெட்டி ஒரு "ம்". எங்கேயும் தப்பவில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கத்தரிக்காய் தண்ணீரில் விழும் சத்தம் மைக்கில் கேட்டது. இத்தனை நாள் சவுண்ட் பார்க்கிறேன்... இவ்வளவு அழகான எஃபெக்டை நான் எந்த ஃபைலிலிருந்தும் எடுத்துப் போட்டதில்லை.

முன் வரிசையைப் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி. நந்தினி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். இனி யாரும் பேசக் கூடாது. மகள் காத்திருப்பாள், அம்மா குனிந்தே இருப்பாள், நான் விளக்கை அணைக்க வேண்டும். சுவிட்சில் கை வைத்தேன்.

செல்வராணி குனிந்தே இருந்தாள். நந்தினி நின்றாள்.

அந்த அம்மா நிமிர்ந்து நந்தினியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பக்கத்தில் குனிந்திருந்த தன் மகளையும் ஒரு தடவை பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று கொஞ்சம் பொறுத்தார். அப்புறம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பத்திரமாப் போயிட்டு வாத்தா."

நந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை வெங்காயம் எதுவும் இல்லை. செல்வராணி நிமிரவே இல்லை. விளக்கை எப்போது அணைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. கைதட்டல் ஒரே கைதட்டலாக எழுந்தது. முதலும் அடுத்ததும் என்று பிரித்துக் கேட்க என்னால் முடியவில்லை.

இருட்டிலேயே மாஸ்டரின் ஆள் வந்து பேசினைத் தூக்கிக்கொண்டு போனார். பருப்பு வெந்துவிட்டதாம்.

பந்தியில் நான் அவர்களுக்கு எதிர் வரிசை. செல்வராணி அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் ஏன் எந்திரிச்சுப் போன, நான் பயந்தே போயிட்டேன்...

"வேல கெடந்துச்சு, போனேன்," என்றார் அவர். கொஞ்சம் சோற்றைப் பிசைந்தார். பிறகு இலையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏத்தா, நான் என்ன அப்பிடியா காம்பத் தோளுக்குப் பின்னாடி வீசுறேன்?"

கேட்டுக்கொண்டே சாம்பாரில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்தார். திரும்பிப் பார்க்காமல், இடதுபக்கமாக, ஒரு சுண்டு சுண்டிப் பின்னால் வீசினார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. சாம்பாரில் உப்பு ஒரு கல் கம்மி என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் அதற்கு நாடகத்தைக் குற்றம் சொன்னார்.

திங்கட்கிழமையே அடுத்த வருட விழாவுக்கான பொருட்கள் பட்டியலை ஆரம்பித்துவிட்டேன். மைக். சுங்குடிச் சேலை. அரிவாள்மனை. கத்தரிக்காய். மேடம் வாங்கிப் படித்துவிட்டு, "பேசின் மறுபடியும் விட்டுப்போச்சே?" என்றார்.

விட்டுப்போகவில்லை மேடம். அது கூட்டத்திலிருந்து எழுந்து வர வேண்டியது.